பையில் படம் வேண்டாம்: அறக்கட்டளை நிர்வாகசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகசபையினருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் உள்ளூர் இணைப்பாளர் எங்கள் பாடசாலைக்கு வந்து, நீங்கள் பாடசாலைப் பை வழங்கிய தரம் 8 மாணவி ஒருத்தியை வகுப்புக்கு வெளியே கூப்பிட்டு, "பையில இருந்த படத்தை ஏன் மூடித் தைச்சனீங்கள்?" என்று கேட்டது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். அடுத்த முறை உதவிப் பட்டியலில் பெயர் இராது என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் அவளுடைய வகுப்பாசிரியை.

அந்தப் பையைப் பார்த்தீர்களோ தெரியாது. உங்கள் தாபகரின் காலமான தாயாருடைய படம், தோற்றம், மறைவு, கீழே "ஞாபகார்த்தமாக". அந்தியேட்டிக் கல்வெட்டில், அதாவது முப்பத்தோராம் நாள் நினைவு மலரில், வரவேண்டியது ஒரு பிள்ளையின் முதுகில் வந்திருக்கிறது. "உங்கட அம்மம்மாவோ?" என்று பெடியள் கேட்கக் கேட்க, அவள் பையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருப்பாள். தோட்டக் கூலிக்குப் போகிற தாய், இரவில் இருந்து பழைய சேலைத் துண்டொன்றை அதன்மேல் வைத்துத் தைத்துவிட்டார். பிள்ளை பையைக் கொண்டுபோகட்டும் என்றுதான். மற்றப் பிள்ளைகள் சிலர் உங்கள் பையை வீட்டில் போட்டுவிட்டுச் சொப்பின் பையில் கொப்பி கொண்டுவருகிறார்கள். அவர்களை யாரும் விசாரிக்கவில்லை.

உதவி வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடநூல் 1980 இலிருந்தும் சீருடைத் துணி 1993 இலிருந்தும் அரசு இலவசமாகத் தருகிறது. எல்லாருக்கும் ஒன்றுபோலத் தருவதால் அதில் யாருடைய வறுமையும் தெரிவதில்லை. பை, சப்பாத்து, கொப்பி பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்த விலைகளைத் தாங்க முடியாத வீடுகள் எங்களிடம் நிறைய. ஆகவே தாருங்கள். படம் இல்லாமல் தாருங்கள்.

இவற்றை வழங்கும் விழாவையும் சொல்லத்தான் வேண்டும். பிரதம விருந்தினர் வரும்வரை பிள்ளைகள் வெயிலில். பிறகு மாலை, பொன்னாடை, உரை. ஒரு கொப்பிக் கட்டை நாலு பெரியவர்கள் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்க்கிறார்கள். பிள்ளையின் கைக்கு இடமில்லை. 1848 இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கிய ஆறுமுக நாவலர் அதை வீடுகளில் பிடியரிசி (கைப்பிடி அரிசி) வாங்கி நடத்தினார். எந்தப் பிடி யார் வீட்டுடையது என்று அரிசியில் அச்சடித்திருக்கவில்லை. இதற்கெல்லாம் மண்டபம் திறந்துவிடுகிற எங்கள் பாடசாலைகளுக்கும் இதில் பங்குண்டு. அதை அதிபர்மாரிடம் தனியே கேட்கவேண்டும்.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், பொறுத்தருளுங்கள். கேட்பது இதுதான்: அடுத்த வருடப் பைகள் அச்சுக்குப் போகுமுன் படத்தையும் பெயரையும் எடுத்துவிடுங்கள். மேடை வேண்டாம், வகுப்பாசிரியர்களிடம் தாருங்கள், அல்லது தாய்மாரின் வங்கிக் கணக்கில் போடுங்கள். தாபகருடைய அம்மாவின் பெயர் விளங்கவேண்டுமென்றால் பாடசாலைக்கு ஒரு குடிநீர்த் தொட்டி கட்டி அதில் பொறியுங்கள். தொட்டி வெட்கப்படாது.

என் மாணவியின் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதை அவளுடைய தாய்க்கு எழுத்தில் அறிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வகுப்பாசிரியை
யாழ்ப்பாணம்