அந்த அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று எங்களுக்கும் சொல்லுங்கள்

பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும், பள்ளிகளில் ஸ்பீச் தெரபி தருகிற தெரபிஸ்டுகளுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் பள்ளியில் ஸ்பீச் தெரபிக்குப் போகிறான். நல்ல தெரபிஸ்ட், அவனுக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது. பருவ முடிவில் ஒரு ரிப்போர்ட் வரும், அவ்வளவுதான். நடுவில் "இன்னைக்கு ஸ்பீச் கிளாஸ்ல என்ன பண்ணின?" என்று கேட்டால் "விளையாடினோம்" என்பான். பேசச் சிரமப்படுகிற பிள்ளையிடமே போய், உன் பேச்சுப் பயிற்சியைப் பற்றி விவரமாகச் சொல்லு என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம், யோசித்தால் சிரிப்புதான் வருகிறது. மற்ற பெற்றோர்களிடம் பேசினாலும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் ஒரு பள்ளிக்கென்று எழுதாமல் பொதுவாக எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் இரண்டே வரி. டைரியில் எழுதினாலும் சரி, வாய்ஸ் மெசேஜாக வந்தாலும் சரி. நேரம் கிடைத்தால் பார்க்கலாம் என்கிற வேலைகளின் பட்டியலில் இதைச் சேர்க்காமல், சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கணக்கில் வையுங்கள்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூங்குகிற நேரத்தைக் கழித்தாலும் ஏறக்குறைய 100 மணி நேரம் மிஞ்சும். அதில் தெரபிக்குக் கிடைப்பது பல இடங்களில் ஒரு 30 நிமிடம், அதுவும் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்து. ஒரு பிள்ளை வாய் திறக்கிற நேரம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பைத் திருத்துவது என்றால் நாக்குக்கும் உதட்டுக்கும் புதிய பழக்கம் ஏற்றுவது. அது தினமும் கொஞ்ச நேரம், ஆனால் நிறைய தடவை செய்தால்தான் படியும். வீட்டில் ஐந்து நிமிடம் ஒதுக்க நாங்கள் தயார்தான். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சில பிள்ளைகளுக்கு 'க' வராது, அந்த இடத்தில் 'த' வந்துவிடும். மழலைப் பேச்சில் நிறையப் பேருக்கு இருப்பதுதான், பெரும்பாலும் நான்கு வயதுக்குள் தானாகவே போய்விடும். போகாதவர்கள் உங்களிடம் வருகிறார்கள். என் மகன் அந்த ரகம். ஜன்னலில் காக்கா வந்து உட்கார்ந்தால் "அம்மா, ஜன்னல்ல தாத்தா!" என்பான். தாத்தா நிஜமாகவே வீட்டில் இருக்கிற நாளில் கொஞ்சம் குழப்பம்தான். சரி, இதைக் கேட்டதும் எந்த வீட்டிலும் என்ன நடக்கும்? "காக்கா சொல்லு, கா... கா..." என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளையும் முழு முயற்சி எடுத்து இன்னொரு தடவை "தாத்தா" என்பான், எல்லோரும் சிரிப்பார்கள், அவன் முகம் சுண்டிப்போகும், அப்புறம் ஜன்னலில் என்ன வந்து உட்கார்ந்தாலும் அவன் வாயைத் திறக்க மாட்டான்.

அதே வாரம் தெரபி அறையில் என்ன நடந்துகொண்டிருக்கும் தெரியுமா? காக்கா படம் ஒன்று, தாத்தா படம் ஒன்று, இரண்டையும் மேஜையில் வைத்து, தெரபிஸ்ட் சொல்வது எந்தப் படம் என்று அவன் தொட்டுக் காட்டுகிற பயிற்சி. அதாவது இரண்டு ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காது பிடிக்கிறதா என்று பார்க்கிற கட்டம். அவனை இன்னும் யாரும் 'க' சொல்லவே சொல்லவில்லை! உங்களுக்கு இது அரிச்சுவடி. முதலில் ஒலியைக் கேட்டுப் பிரித்தறிவது, பிறகு ஒலியைத் தனியாகச் சொல்வது, அப்புறம் அசை, சொல், தொடர், வாக்கியம், கடைசியில்தான் சாதாரணப் பேச்சு. எங்களுக்கு இந்தப் படிகள் தெரியாது. தெரியாததால் முதல் படியில் நிற்கிற பிள்ளையிடம் கடைசிப் படியை எதிர்பார்க்கிறோம். இதை எங்களுக்குச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

அந்த இரண்டு வரி எப்படி இருந்தால் போதும் என்று நானே எழுதிக் காட்டுகிறேன்: "இந்த வாரம் 'க' சொல்லின் தொடக்கத்தில் மட்டும்: கல், கண், காது, கை. நாக்கு நுனி கீழ்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கட்டும். பேசும்போது தவறாகச் சொன்னால் நிறுத்தித் திருத்த வேண்டாம், நீங்கள் சரியாக ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்." இவ்வளவுதான். இதை எழுத ஒரு நிமிடம் ஆகுமா? ஆனால் இதைப் படித்த ஒரு பாட்டி, "தாத்தா பறந்து போச்சு" என்று பிள்ளை சொன்னால், "ஆமாண்டா கண்ணா, காக்கா பறந்து போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். நாள் முழுக்க இப்படி எத்தனை தடவை நடக்கும்! அத்தனையும் உங்கள் கணக்கில் சேர்கிற பயிற்சி.

இனி அந்த ரிப்போர்ட். "குறைந்த உதவியுடன் சொல் அளவில் 80 சதவீதத் துல்லியம்" என்று இருக்கும். படித்ததும் சந்தோஷமாக இருக்கும், 80 ஆச்சே. எதில் 80? அமைதியான அறையில், படத்தைக் காட்டி, ஒரே ஒரு சொல்லைக் கேட்டபோது 10-க்கு 8. அதே பிள்ளை சாப்பிடும்போது வேகமாகக் கதை சொன்னால் அந்த ஒலி பத்தில் ஒரு தடவைகூட வராமல் இருக்கலாம். இரண்டுமே உண்மைதான், முரண்பாடு ஒன்றும் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கிற பெற்றோர் ஒன்று எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள், இல்லையென்றால் பள்ளியில் பொய் எழுதுகிறார்கள் என்று நினைப்பார்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சாதாரண மொழியில் ஒரு வரி இருந்தால் இந்த வம்பே வராது.

பெற்றோரைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை, உங்கள் துறையிலேயே பழையது. 1975-இல் கனடாவின் மாண்ட்ரியலில் அயலா மனோல்சன் என்ற ஸ்பீச் தெரபிஸ்ட், பெற்றோர்களையே குழுவாக உட்காரவைத்துப் பயிற்சி தர ஆரம்பித்தார்; அதிலிருந்து வளர்ந்ததுதான் பெற்றோருக்குப் பயிற்சி தருகிற ஹனென் மையம். திக்கிப் பேசுகிற சின்னப் பிள்ளைகளுக்கான லிட்கோம் முறை இன்னும் ஒரு படி மேலே. 1980-களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் தொடங்கியது, ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. அதில் தினசரி சிகிச்சையைத் தருவதே அம்மாவோ அப்பாவோதான். தெரபிஸ்ட் வாரம் ஒருமுறை பார்த்து, எப்படிச் செய்வது என்று பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பார். திக்கல் எவ்வளவு இருந்தது என்று பெற்றோர் தினமும் 0 முதல் 9 வரை மதிப்பெண் போட்டுக்கொண்டு வருவார்கள், அதை வைத்துத்தான் அடுத்து என்ன என்பது முடிவாகும். காரணம் எளிது: திக்கல் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. உங்கள் அறையில் தடங்கல் இல்லாமல் பேசிய பிள்ளை அன்று இரவே ஒரு வாக்கியத்தை முடிக்கத் திணறலாம். அதைப் பார்ப்பது வீட்டில் இருப்பவர்கள். அவர்களிடம் கேட்காமல் எப்படி முடிவெடுப்பீர்கள்? "மெதுவா பேசு", "மூச்சை இழுத்து விட்டுட்டுச் சொல்லு" என்று சொல்வதால் பலன் இல்லை, பொறுமையாகக் கேட்டால் போதும் என்பதையும் அதே டைரியில் எழுதிவிடுங்கள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் காட்ட ஆதாரமாக இருக்கும்.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் படத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்கிற படப் பலகை, படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசும் டேப்லெட் இதெல்லாம் பள்ளியில் தருகிறீர்கள், நல்லது. வெள்ளிக்கிழமை மாலை அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பத்திரம் என்கிறார்கள். தண்ணீர் வேண்டும், வயிறு வலிக்கிறது, இது வேண்டாம் என்று அந்தப் பிள்ளை சொல்வதே அதை வைத்துத்தான். சனி, ஞாயிறு, அப்புறம் நீண்ட விடுமுறை முழுக்க அவன் வாயைக் கட்டிவிட்டு அனுப்புகிற மாதிரிதானே இது? கருவியை வீட்டுக்குக் கொடுங்கள். முடியவே முடியாது என்றால் அதே படங்களைத் தாளில் அச்சடித்தாவது கொடுங்கள், எப்படிப் பயன்படுத்துவது என்று வீட்டில் இருப்பவர்களுக்கு ஒருமுறை காட்டுங்கள். படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சு வராமலே போய்விடுமோ என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. அது பேச்சைத் தடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் சொல்லுங்கள்.

இதோடு ஒரு வேண்டுகோள். "வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், பள்ளி மொழியே போதும்" என்று போகிறபோக்கில் பெற்றோரிடம் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. உண்மையான மொழிக் குறைபாடு இருந்தால் இரண்டு மொழியிலுமே தெரியும். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் இருக்கிற பிள்ளைகளும் இரண்டு மொழி கற்கிறார்கள். தனக்குச் சரளமாக வராத மொழியில் அம்மா நாள் முழுக்கப் பேச முயன்றால் பேச்சே குறைந்துவிடும், பாட்டியோடு பேச்சு நின்றேபோகும். எந்த மொழியில் கதையும் கேலியும் சண்டையும் இயல்பாக வருமோ அந்த மொழிதான் பிள்ளைக்கு வேண்டும்.

நாங்களும் சும்மா வாங்கிக்கொள்கிறவர்களாக இருக்கப் போவதில்லை. பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வீட்டில் ஓயாமல் பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பேச்சைப் போனில் எடுத்து அனுப்ப முடியும். காதில் அடிக்கடி சீழ் வந்தது, குடும்பத்தில் யாருக்குத் திக்கல் இருந்தது என்பதெல்லாம் கேட்டால் சொல்வோம். கேட்பதற்கு நீளமான படிவமும் வேண்டாம். 2012-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சிறிய அளவுகோலில் மொத்தமே ஏழு கேள்விதான்: பிள்ளை பேசுவது உங்களுக்குப் புரிகிறதா, வீட்டில் மற்றவர்களுக்கு, உறவினர்களுக்கு, அவன் நண்பர்களுக்கு, தெரிந்தவர்களுக்கு, ஆசிரியர்களுக்கு, முன்பின் தெரியாதவர்களுக்கு? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பெற்றோர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பருவத்துக்கு ஒருமுறை கேட்டால்கூட, நீங்கள் எழுதுகிற அந்த 80 சதவீதம் வெளியுலகத்தில் எவ்வளவு பலிக்கிறது என்று தெரிந்துவிடும்.

தெரபிஸ்டுகளுக்கு நேரம் இல்லை என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஒரே ஆள் இரண்டு மூன்று பள்ளிக்கு ஓடுகிறார், கையில் அத்தனை பிள்ளைகள், ஒரு குழு வெளியே போகும்போதே அடுத்த குழு கதவருகே நிற்கிறது. எனவே இந்தப் பத்தி நிர்வாகத்துக்கு மட்டும். 30 நிமிட வகுப்பு என்றால் அதில் கடைசி ஐந்து நிமிடத்தைப் பெற்றோருக்கு எழுதுவதற்கென்று அட்டவணையிலேயே போடுங்கள். அதை வேலை நேரமாகக் கணக்கிடுங்கள். இரவு பத்து மணிக்குத் தன் சொந்த போனிலிருந்து பதில் அனுப்பும்படி எந்த தெரபிஸ்டையும் விடாதீர்கள், பள்ளிக்கென்று ஓர் எண் வையுங்கள். குழுவில் எடுக்கிற வீடியோவில் மற்ற பிள்ளைகளும் இருப்பார்கள், அதை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். விளையாட்டு விழா, தேர்வு, தெரபிஸ்ட் விடுப்பு என்று வகுப்பு நடக்காமல் போனால் அன்றே சொல்லுங்கள். பருவ முடிவில் வருகைப் பதிவைப் பார்த்து நாங்கள் தெரிந்துகொள்வது சரியில்லை. தெரபிஸ்ட் மாறினாலும் அப்படியே. புதியவர் எந்தப் படியிலிருந்து தொடர்கிறார் என்று ஒரு வரி வந்தால் போதும்.

பழி போடுகிற தொனியும் வேண்டாம். "வீட்டில் போன் கொடுத்துடறீங்க, பேசறதே இல்ல" என்பது பல பெற்றோர் கேட்கிற முதல் வாக்கியம். திக்கல் வளர்ப்பால் வருவதில்லை. 'க' வராமல் போவதும் யாரும் கொஞ்சிப் பேசியதால் இல்லை. முதல் சந்திப்பிலேயே குற்றவாளியாக உட்காரவைத்த பிறகு அந்தப் பெற்றோர் உங்களிடம் எதைத்தான் மனம் விட்டுச் சொல்வார்கள்?

டைரியில் எழுதியும் சில வீடுகளிலிருந்து பதிலே வராது. அக்கறை இல்லை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கலாம், இரவு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு அரை நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள், பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவர் போனுக்கு. பதில் வராவிட்டாலும் அடுத்த வாரமும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஸ்பீச் தெரபிக்குப் போகும் ஒரு மாணவனின் அம்மா