ரிவால்வரும் குறி தவறுதலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரைத் தானியங்கி பிஸ்டலில் பழகியவர்கள் ரிவால்வரில் குறி தவறுவதற்குத் துப்பாக்கியையே குறைகூறுவது சரியன்று. தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலைக் கையால் இழுத்து வைக்காமல் சுடும்போது, தோட்டாக்கள் இருக்கும் உருளையைச் சுழற்றுவதும் சுத்தியலைப் பின்னிழுப்பதும் விரலால் இழுக்கும் விசையின் (டிரிகர்) வேலையாகிவிடுவதால், பிஸ்டலில் ஏறத்தாழ 5 அல்லது 6 பவுண்டாக இருக்கும் விசையின் அழுத்தம் இங்கே பெரும்பாலும் 10 முதல் 12 பவுண்டு வரை செல்கிறது. அந்த நீண்ட இழுப்பின் இறுதியில் விரல் வெடுக்கென இழுத்துவிட, வலக்கையரின் குண்டு இடப்பக்கம் தாழ்ந்து பாய்கிறது. விரல் நுனிக்குப் பதிலாக முதல் கணுவை விசையில் பதித்து, குழல் முனையிலுள்ள முன்குறியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரே சீராக இழுத்துப் பழக வேண்டும். குண்டுகள் அகற்றப்பட்டதை இருமுறை சரிபார்த்துவிட்டு, போலித் தோட்டாக்களுடன் முன்குறியின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுக்கும் பயிற்சியே, என் கருத்தில், பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களைச் செலவழிப்பதைவிடப் பயன் தரும்.

பிஸ்டலில் இரு கட்டைவிரல்களையும் முன்னோக்கி நீட்டும் பழக்கத்தை மட்டும் முதல் நாளே கைவிட்டுவிட வேண்டும்; உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பீறிடும் வெப்பவாயு விரலைக் கடுமையாகக் காயப்படுத்தும். பல பயிற்சியாளர்கள் இதைச் சொல்லத் தவறுவது வியப்பளிக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோவை.