வாசகர் வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும் வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். போன பொதுக்குழுல முடிவு பண்ணபடி இந்த வருஷம் முழுக்க ஒரே விஷயம்தான் எடுத்துக்கிட்டோம், 1763க்கு அப்புறம் அமெரிக்க காலனிகள்ல பிரிட்டிஷ் ஆட்சி மேல கோபம் எப்படி வளர்ந்து 1775ல துப்பாக்கி தூக்குற வரைக்கும் போச்சுன்னு. மாசக் கூட்டம் வழக்கம்போல நூலக மாடியில நடந்துச்சு, மழையில ஒண்ணு மட்டும் தள்ளிப்போச்சு.

முதல் சில கூட்டம் வரியிலயே ஓடிருச்சு. ஏழாண்டுப் போர்ல பிரிட்டன் ஜெயிச்சாலும் கடன் ஏறிப்போச்சு, அமெரிக்காவுல நிக்கிற பட்டாளச் செலவுல ஒரு பங்கை அங்கிருக்கிறவங்களே தரட்டும்னு 1765ல முத்திரைச் சட்டம் கொண்டுவந்தாங்க. பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு வரைக்கும் வரி. பார்லிமென்ட்ல எங்க ஆளு ஒருத்தர்கூட இல்லாம எப்படி வரி போடலாம்னு 9 காலனி பிரதிநிதிங்க நியூயார்க்ல கூடினாங்க, வியாபாரிங்க பிரிட்டிஷ் சரக்கை நிறுத்தினாங்க, 1766ல சட்டம் வாபஸ் ஆச்சு. ஆனா அதோட சேர்த்தே, எந்த விஷயத்துலயும் உங்க மேல சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டுன்னு இன்னொரு சட்டமும் போட்டுக்கிட்டாங்க. சண்டையோட வேர் இங்கதான் இருக்குன்னு நான் உறுதியா நம்புறேன்.

1768ல பாஸ்டனுக்கு பட்டாளம் வந்ததும், 1770 மார்ச் 5 துப்பாக்கிச்சூட்டுல 5 பேர் செத்ததும் ஒரே கூட்டத்துல முடிஞ்சுது. சுட்ட சிப்பாய்களுக்காக கோர்ட்ல வாதாடினவர் ஜான் ஆடம்ஸ், பின்னாடி அமெரிக்காவோட ரெண்டாவது ஜனாதிபதி ஆனவர், இதைக் கேட்டதும் பல பேர் அசந்துட்டாங்க.

கூட்டம் நிரம்பி வழிஞ்சது தேயிலை அன்னைக்குத்தான், ஏன்னா கதை நம்ம பக்கத்துலயும் வேர் விட்டிருக்கு. ஹைதர் அலி ஆற்காடு சீமையில கிழக்கிந்தியக் கம்பெனியை அடிக்கிறார்ங்கிற சேதி லண்டன் போனதும் 1769ல கம்பெனி பங்கு சரிஞ்சுது, அடுத்த வருஷம் வங்காளத்துல கொடும் பஞ்சம், கிடங்குல விக்காத தேயிலை வேற குவிஞ்சு கிடந்துச்சு. கம்பெனியைக் காப்பாத்தத்தான், அதோட தேயிலையை அமெரிக்காவுல நேரடியா விக்க விட்ட 1773 தேயிலைச் சட்டம். அதுல தேயிலை விலை குறையத்தான் செய்யும், அப்படியும் டிசம்பர் 16 ராத்திரி பாஸ்டன்ல 342 பெட்டியைக் கடல்ல கொட்டினாங்க, ஏன்னா தேயிலை மேல ராத்தலுக்கு இருந்த 3 பென்ஸ் வரியைக் கட்டினா பார்லிமென்ட்டோட அதிகாரத்தையே ஒத்துக்கிட்ட மாதிரி. வங்காளத்துல ஜனங்களைப் பட்டினி போட்ட கம்பெனி நாளைக்கு இங்கயும் அதையே செய்யும்னு காலனித் தலைவர்கள்ல ஒருத்தரான ஜான் டிக்கின்சன் அந்த வருஷமே எழுதினார். நம்ம பஞ்சத்தை அவங்க எச்சரிக்கையா படிச்சிருக்காங்கன்னு நினைக்கிறப்ப மனசு கனத்துப்போச்சு.

அதே 1773ல மாசசூசெட்ஸ்ல அடிமையா இருந்த கறுப்பின மக்களும் விடுதலை கேட்டு மனு போட்டாங்க, கிடைக்கல. சுதந்திரம்னு பேசினவங்க வீட்டுலயே அடிமைங்க இருந்ததை அறிக்கையில கட்டாயம் பதியணும்னு இளைய உறுப்பினர்கள் கேட்டாங்க, நியாயம்தான், பதிஞ்சிருக்கேன்.

தேயிலை கொட்டினதுக்குத் தண்டனையா 1774ல பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடினதும் மத்த காலனிங்க அரிசியும் தானியமும் அனுப்பினாங்க, செப்டம்பர்ல 12 காலனி பிலடெல்பியாவுல கூடிச்சு. ஒரு ஊரைத் தண்டிக்கப்போய் எல்லாரையும் ஒண்ணு சேர்த்துட்டாங்க. 1775 ஏப்ரல் 19 லெக்சிங்டன்ல நடந்த முதல் துப்பாக்கிச் சண்டையோட நம்ம படிப்பை நிறுத்தினோம்.

வரவு செலவை பொருளாளர் வாசிப்பார். அடுத்த வருஷத்துக்கு ஹைட்டி புரட்சின்னு செயற்குழு முன்மொழிஞ்சிருக்கு, ஒப்புதல் வேணும். சந்தா பாக்கி உள்ளவங்க இன்னைக்கே கட்டிடுங்க.