நிலம் அதிர்ந்தால் எரிமலை வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இடுக்கியில் லேசாக நிலம் அதிர்ந்தாலே போதும், எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எவர்சில்வர் தட்டுகளின் சத்தம் அடங்குமுன் 'எரிமலை வெடிக்கப்போகுது' என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்துவிடுகிறது. போன முறை அம்மா ரேஷன் கார்டை மடியில் செருகிக்கொண்டு விடியும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

நிலநடுக்கம் எரிமலையைத் தூண்டக்கூடும் என்பது உண்மைதான். 1960 மே 22 அன்று சிலியில் 9.5 அளவில் பூமி குலுங்கியது. இரண்டே நாளில் அங்கே கோர்டன் கௌயே எரிமலை வெடித்தது. சோடா பாட்டிலைக் குலுக்கினால் நுரை பொங்குமே, அதுபோல அதிர்வில் பாறைக்குழம்பிலுள்ள வாயு குமிழிவிடலாம். மேலே பாறை விரிசல் விட்டால் குழம்புக்கு வழியும் கிடைக்கும். ஆனால் குழம்பு ஏற்கெனவே நிரம்பி, பொங்கும் தறுவாயில் இருக்க வேண்டும். காலிப் பாட்டிலைக் குலுக்கி என்ன வரும்?

நம் மலைகள் கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய பாறை; அடியில் பொங்கக் காத்திருக்கும் குழம்பு இல்லை. 2000 டிசம்பரில் பக்கத்துக் கோட்டயம் மாவட்டத்து ஈராற்றுப்பேட்டைப் பக்கம் சுமார் 5 அளவில் அதிர்ந்தபோதும் எரிமலை எதுவும் வரவில்லை.

அதிர்வுச் செய்தி போடும்போது, 'இங்கே எரிமலை கிடையாது' என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள் ஐயா. அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.

– தோட்டத் தொழிலாளி, வண்டிப்பெரியார்