இடிப்பதற்கு முன் ஒரு நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீட்டைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்றபடி புதுப்பிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சோலார் தகடு, எல்இடி விளக்கு, தண்ணீரை மிச்சப்படுத்தும் குழாய் என்று வாங்க வேண்டியவை எல்லாம் அதில் இருந்தன. நல்ல பொருட்கள்தான். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருப்பதை என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. 30 ஆண்டுகளுக்கு மேலாக மரவேலை செய்கிறேன். சம்மட்டி எடுத்த முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரிய சேதம் நடந்துவிடுவதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு வீட்டுக்குச் சமையலறை அலமாரி செய்யப் போனேன். நான் போவதற்குள் இடிப்பு முடிந்திருந்தது. வாசலில் கிடந்த குவியலில் ஒரு ஜன்னல் சட்டத்தின் நுனி தெரிந்தது. இழுத்துப் பார்த்தேன். மேலே நான்கைந்து தடவை அடித்த பச்சைப் பெயிண்ட். தண்ணீர் தெளித்து உளியால் மெல்லச் சுரண்டினால், உள்ளே தேக்கு. ஒரு பூச்சி அரிப்பு இல்லை. ஒரு மூலையில் கழுந்து, அதாவது ஒரு கட்டையின் நுனியில் செதுக்கிய நாக்கு, அடுத்த கட்டையின் துளைக்குள் இறுகி உட்கார்ந்திருந்தது, மூங்கில் ஆணிகூடத் தளரவில்லை. மூலைக்கு ஓர் ஆணியைத் தட்டி எடுத்திருந்தால் சட்டம் நான்கு துண்டுகளாகக் கழன்று வந்திருக்கும். சம்மட்டி விழுந்ததில் மற்ற மூன்று மூலைகளும் பிளந்து போயிருந்தன. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இது தேக்கு என்றே தெரியாதுங்க” என்றார். அவர் முகம் வாடிப்போனது. தப்பிய பகுதியை அறுத்து அவருக்கே ஒரு சுவர்த் தட்டு செய்து கொடுத்தேன்.

தண்ணீர் தெளித்துச் சுரண்டியதற்குக் காரணம் உண்டு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் காற்றில் கலந்துவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் அப்படித்தான், உடைக்கவோ துளை போடவோ கூடாது. நனைத்து, முழுதாகக் கழற்றி இறக்க வேண்டும்.

அந்தத் தேக்குச் சட்டம் போன இடத்துக்கு என்ன வருகிறது? காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். மரம் வீட்டில் நிற்கும்வரை அதுவும் காற்றில் கலக்காமல் அங்கேயே நிற்கும். பதிலுக்கு வரும் பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளைப் பசையில் கலந்து அழுத்திச் செய்தது. பெரும்பாலும் அந்தப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு மெல்லக் கசியும். தண்ணீர் பட்டால் பலகை உப்பும். ஒரு முறை திருகாணியைக் கழற்றினால் அதே ஓட்டையில் மறுபடி முன்போல இறுக்கமாகப் பிடிக்காது. கேட்பவர்களுக்கு நானும் அதில் செய்து கொடுத்திருக்கிறேன். இப்போது பழைய கதவு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் கேட்கிறேன்.

பழைய கதவைப் போலவே செங்கலையும் கழற்றி மறுபடி பயன்படுத்தலாம். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவராக இருந்தால், கரண்டியின் விளிம்பால் தட்டினாலே கலவை உதிர்ந்து கல் முழுதாக வரும். சிமெண்ட் கலவை கல்லை விடாது, கல்தான் உடையும். எனவே எந்தச் சுவர் எது என்று பார்த்துவிட்டுக் கை வைக்க வேண்டும். தேவையில்லாமல் இடிக்கும் ஒவ்வொரு சுவருக்கும் புதிதாகச் சிமெண்ட் வேண்டும். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். எரிபொருளின் புகை ஒரு பக்கம் இருக்க, அந்தக் கல்லே கரியமில வாயுவை வெளியே விடும். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ என்றால் அதில் 44 கிலோ வாயுவாகப் போய்விடும்.

சரி, என்ன செய்யலாம்? இடிக்க ஆள் வருவதற்கு முந்தின நாள் ஒரு கொத்தனாரையும் ஒரு மரவேலைக்காரரையும் கூட்டிக்கொண்டு வீடு முழுக்க நடங்கள். சாக்பீஸ் போதும். கழற்ற வேண்டியதற்கு ஒரு வட்டம், உடைக்க வேண்டியதற்கு ஒரு பெருக்கல் குறி. அப்புறம், இடிப்பை மொத்தக் கான்ட்ராக்டாக விடாதீர்கள். அதில் வேகமாக முடிப்பவருக்குத்தான் லாபம், நிதானமாகக் கழற்றுபவருக்கு நஷ்டம். அந்த ஒரு வேலையை மட்டும் நாள் கூலிக்குக் கொடுங்கள், கடப்பாரை மெதுவாக இறங்கும். கழற்றிய கதவு, ஜன்னல்களை அளந்த பிறகே புது வாசலின் அளவை முடிவு செய்யுங்கள். வரைபடத்தை முதலில் போட்டுவிட்டு, இரண்டு அங்குலம் பொருந்தவில்லை என்று நல்ல கதவை வெளியே தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கழற்றிய நிலை, கதவு, ஜன்னல், செங்கல் யாரிடம் இருக்கிறது, யாருக்குத் தேவை என்று வாசகர்கள் தெரிவிக்க வாரம் ஒரு முறை ஒரு சிறிய கட்டம் ஒதுக்கினால் போதும். என் பட்டறையிலேயே இரண்டு கதவுகள் ஆள் தேடி நிற்கின்றன.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் ஒரு வாசகன்