முகத்து முடிக்குத் திரும்பி வந்த மருந்து

முரளி,

நான் நலம். நீங்களும் நலம் என்று சண்டியர் சொன்னான். அவனுக்கு மறுபடியும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். விவரத்தை அவனிடமே கேள், எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இத்தனை மாதம் பதில் எழுதாததற்குப் பாதி சோம்பல், பாதி கோபம். "காப்புரிமை இல்லாவிட்டால் எவன் புது மருந்து கண்டுபிடிப்பான்?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாய், இல்லையா? வக்கீல் புத்தி. இப்போது ஆப்பிரிக்கத் தூக்க நோயைப் பற்றி வாசித்துவிட்டு, கேட்க ஆள் கிடைக்காமல் தவிக்கிறேன். நீ மாட்டினாய்.

செட்சி ஈ கடித்து வரும் நோய் அது. கிருமி மூளைக்குள் போய்விட்டால், சிகிச்சை இல்லையேல் அநேகமாகச் சாவுதான். வெகுகாலம் கையில் இருந்தது மெலார்சோப்ரால் என்ற ஆர்செனிக் மருந்து. போட்டுக்கொண்ட நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேரை அந்த மருந்தே கொன்றுவிடும். அப்புறம் எஃப்லார்னிதின் வந்தது. புற்றுநோய்க்கென்று உருவாக்கி, அங்கே சரிப்படாமல், தூக்க நோயின் பரவலான வகைக்கு அபாரமாகக் கேட்டது. நினைவிழந்து கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1990-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. சில வருடங்களில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். மருந்தில் குறை இல்லை, நோயாளிகளிடம்தான் காசு இல்லை.

2000-இல் அதே மருந்து திரும்பி வந்தது. எதற்குத் தெரியுமா? பெண்களின் முகத்தில் வளரும் முடியைக் குறைக்கும் கிரீமாக! எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் மற்றவர்களும் நெருக்கிய பிறகு, 2001-இல் உலக சுகாதார நிறுவனம் வழியாகத் தூக்க நோயாளிகளுக்கு இலவசமாகத் தர மருந்துக் கம்பெனி அவென்டிஸ் ஒப்புக்கொண்டது. வாசித்தபோது வயிறு எரிந்தது, முரளி.

உன் காப்புரிமை இதில் எங்கே உதவியது, சொல். போட்டியாளர் இல்லாமல் விற்கும் உரிமைதானே அது? வாங்க ஆளில்லாத இடத்தில் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வாங்க ஆளிருக்கும் இடத்திலோ, ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கான சோபோஸ்புவிர் 2013-இல் வந்தபோது அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000. நல்ல மருந்து, மறுக்கவில்லை.

பரிசோதனைகளுக்குக் கோடிக்கணக்கில் ஆகும், பாதி வழியில் தோற்கும் மருந்துகளே அதிகம் என்பாய். சரி, உண்மைதான். அந்தச் செலவை மாத்திரையின் தலையில் ஏற்றித்தான் வசூலிக்க வேண்டுமா? 2003-இல் தொடங்கிய டிஎன்டிஐ என்ற லாப நோக்கில்லாத அமைப்பு, எப்போதோ கிடப்பில் போடப்பட்ட ஃபெக்சினிடசோல் என்ற மருந்தை இதே தூக்க நோய்க்காகத் தூசி தட்டி எடுத்தது. அரசுகளும் அறக்கட்டளைகளும் பணம் போட்டன, சனோஃபி என்ற மருந்துக் கம்பெனி கூட்டுச் சேர்ந்தது. 2018-இல் ஐரோப்பிய மருந்து முகமை சாதகமான கருத்துத் தந்தது. எஃப்லார்னிதினைத் தனியாகக் கொடுத்த காலத்தில் நாளுக்கு 4 தடவை, 14 நாள் நரம்பில் ஏற்ற வேண்டும். மின்சாரமே ஒழுங்காக இல்லாத ஊரில் அதைச் செய்யும் நர்ஸை நினைத்துப் பார். ஃபெக்சினிடசோல் 10 நாள் மாத்திரை, அவ்வளவுதான்.

எல்லா நோய்க்கும் இது ஒத்துவருமா? தர்ம சிந்தனை உள்ளவர்களை நம்பி எத்தனை நோய்க்கு மருந்து தேட முடியும்? அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது.

அதனால் ஒரு சட்டக் கேள்வி, ஃபீஸ் கிடையாது. அரசுப் பணத்தில் ஒரு பல்கலைக்கழகம் கண்டுபிடித்த மருந்து மூலக்கூறைக் கம்பெனிக்கு உரிமம் கொடுக்கும்போது, "ஏழை நாடுகளில் நியாயமான விலைக்கு விற்காவிட்டால் மற்றவர்களும் தயாரிக்கலாம்" என்று ஒரு ஷரத்துச் சேர்த்தால் கம்பெனிகள் ஓடிப்போய்விடுமா? இல்லை, ஓடிவிடுவோம் என்று மிரட்டுவதோடு சரியா? நீ இப்படி ஒப்பந்தம் எழுதுகிறவன், உனக்குத் தெரியும். டாக்டரம்மாவிடமும் கேட்டு எழுது. அவள் உன்னை மாதிரி மழுப்ப மாட்டாள்.

உன்,
சேகர்