நிறுத்தத் தெரியாத திட்டம்

மதுரை
6 ஜனவரி 2024

அன்புள்ள செல்வி,

நாலு மாதமாகக் கடிதம் போடவில்லை, திட்டிக்கொள். அம்மாவின் முட்டிவலி தேவலை. உன் வால்பையன் இன்னும் ஓட்டுமேலேதான் ஏறுகிறானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கடையின் மார்கழி விளம்பரங்களை, வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் போகிற செய்திகளாகக் கார்த்திகையிலேயே எழுதி, எது எந்த நாளில் போகவேண்டும் என்று நேரம் குறித்து வைத்திருந்தேன். 'திட்டமே போடாதவள்' என்பாயே, உன்னிடம் காட்டவேண்டும் என்றுகூட நினைத்தேன். டிசம்பர் 18 காலை 7 மணிக்கு "மழைக்கு இதமாகக் கருப்பட்டிக் காபி, இன்று மட்டும் 10% தள்ளுபடி" என்று எல்லோருக்கும் போய்விட்டது. வெள்ளத்தில் மூழ்கிக்கிடந்த தூத்துக்குடி மாவட்டத்து ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆட்களுக்கும்தான்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியிருந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் நின்றது. டிவியில் அதைப் பார்த்துக் கண்கலங்கிக்கொண்டு இருந்தேன், செல்வி. என் செய்தி அதே ஊருக்குப் போய்க்கொண்டிருப்பது நினைவிலேயே இல்லை.

அங்கே டவர் இல்லாததால் ஒற்றை டிக்கோடு கிடந்தது. புதன்கிழமை இரண்டு டிக் விழுந்தது. உடனே ஒரு அக்காவிடமிருந்து பதில்: "மாடியில இருக்கோம்மா. அடுப்படி பூரா தண்ணி."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டைலனால் என்கிற அமெரிக்க வலி மாத்திரையின் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! 1982-ல் சிகாகோ பக்கம் சயனைடு கலந்த மாத்திரையால் 7 பேர் இறந்தபோது, அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. தங்கள் பொருளைப் பயன்படுத்துகிறவர்களிடம்தான் தங்களுக்கு முதல் பொறுப்பு என்று 1943-லேயே எழுதி வைத்திருந்தார்கள் என்பாய். அப்போதெல்லாம் பரீட்சைக்கான பாடம் என்றே நினைத்தேன். விற்கிற நாளுக்கான வார்த்தையைத்தான் நான் முன்கூட்டி எழுதினேன். கெட்ட நாளுக்கு ஒரு வரி இல்லை, நிறுத்த ஓர் ஆளும் இல்லை.

இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். பார்சல் தாமதமானால், பொருள் கெட்டால், விலை ஏறினால், ஊருக்கே ஆபத்து வந்தால் என்ன சொல்வது என்று எழுதி வருகிறேன். எந்த மாவட்டத்துக்காவது சிவப்பு எச்சரிக்கை வந்தால், என்னைக் கேட்காமலே எல்லாச் செய்தியையும் நிறுத்த பேக்கிங் மேஜைப் பெண்ணிடம் கடவுச்சொல் கொடுத்தாகிவிட்டது. ஊருக்கே ஆபத்து வந்தால் அனுப்பவேண்டிய அந்தக் கடைசிச் செய்தி மட்டும் எழுத வரவில்லை. எப்படி எழுதினாலும் கடைக்காரி பேச்சாகவே இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது பார்த்துக்கொடு.

அந்த அக்காவிடம் முந்தாநாள் பேசினேன். அடுப்பு புதிதாக வாங்கியாகிவிட்டதாம். நான் வியாபாரப் பேச்சே எடுக்கவில்லை.

உன்,
மல்லிகா